மாமனாரின் கூத்துப் பாட்டைப் பதிவு செய்ய எந்த ஹேண்டிகேம் வாங்கலாம்?

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

அவருடைய மாமனாருக்கு 78 வயது. நாற்பது வருடத்துக்கு மேல் தெருக்கூத்து ஆடியவர், கடைசியில் கூத்து வாத்தியாராக இருந்து ஜமா என்ற கூத்துக் குழுவையும் நடத்தியவர். இப்போது மூச்சு வாங்குகிறது, வேஷம் கட்டுவதில்லை. ஆனால் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் பாட்டும் வசனமும் தானாக வரும், பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அதை வீடியோவாக எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் சகோதரியின் ஆசை. பால் சொசைட்டிப் பணத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து 18,000 ரூபாய் வைத்திருக்கிறார். ஆன்லைனில் '4கே, 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம், நைட் விஷன்' என்று ஒரு ஹேண்டிகேம் 6,999 ரூபாய்க்கு விளம்பரம் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர் பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் தம்பி டிசம்பரில் வரும்போது ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறார். அக்கா மகனோ போனே போதும், காசைக் கரியாக்காதீர்கள் என்கிறான். ஏழாவது படிக்கும் மகளின் பள்ளி ஆண்டு விழாவில் எப்போதும் கடைசி வரிசையில்தான் இடம் கிடைக்கிறது, அதையும் எடுக்க வேண்டும். ஜமாவில் இருந்த மற்றவர்கள் 'எங்களைக் கேட்காமல் எப்படி எடுத்தாய்' என்று சண்டைக்கு வருவார்களா என்ற பயமும் இருக்கிறது.

கடிதத்தின் அடியில், இடமில்லாமல் ஓரத்தில் திருப்பி எழுதிய ஒரு வரி: '2006-ல் வாங்கிய கேமரா ரிப்பேர் ஆகிப் பல வருஷம் ஆச்சு. எட்டு சின்ன கேசட் பீரோவில் கிடக்கிறது, ரெண்டில் மாமா ஆடின கூத்து இருக்கு. இனிமே அது ஓடாது, தூக்கிப் போட்டுவிடலாமா?'

சகோதரி, அந்த ஓரத்து வரியிலிருந்துதான் நான் தொடங்கப் போகிறேன்.

தூக்கிப் போடாதீர்கள், முதல் செலவு அதற்குத்தான்

நீங்கள் 18,000 ரூபாய்க்கு எவ்வளவு நல்ல கேமரா வாங்கினாலும், சலங்கை கட்டி ராத்திரி முழுக்க நின்று ஆடிய உங்கள் மாமனாரை இனி அது எடுக்க முடியாது. அந்தப் படம் ஏற்கனவே உங்கள் பீரோவில் இருக்கிறது. ஓடாமல் போனது கேமரா. கேசட்டில் உள்ளது அநேகமாக அப்படியே இருக்கும், வேறு ஒரு கருவியில் போட்டால் ஓடும்.

முதலில் அது என்ன கேசட் என்று பாருங்கள். அளவு 66 மில்லிமீட்டருக்கு 48 மில்லிமீட்டர், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது என்றால் அது மினி டி.வி. (MiniDV) கேசட். பழைய பாட்டு கேசட் அளவுக்கு, 95 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் 8 எம்.எம். வகை. 2006-ல் வாங்கியது, சின்ன கேசட் என்கிறீர்கள், மினி டி.வி.யாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கேசட்டில் சாதாரணமாக 60 நிமிஷம் பதிவாகியிருக்கும். அதற்குள் இருப்பதே டிஜிட்டல் பதிவு என்பதால் சரியான வழியில் எடுத்தால் துளிகூடத் தரம் குறையாமல் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அந்தச் சரியான வழி ஃபயர்வயர் என்ற கம்பி. மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள, டி.வி. பெட்டியில் மாட்டும் கம்பியைக் குத்தி எடுத்தாலும் படம் வரும், ஆனால் மங்கிவிடும். அந்தக் காலத்து கேமராக்களில் பலவற்றில் யு.எஸ்.பி. கம்பி புகைப்படத்துக்கும் தரம் குறைந்த வீடியோவுக்கும்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் என்று எங்கே போனாலும், 2000-களில் கல்யாண வீடியோ எடுத்த பழைய ஸ்டுடியோக்களில் அந்த கேமராவோ கேசட்டை ஓட்டும் டெக்கோ இன்னும் ஓடும் நிலையில் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் 'ஃபயர்வயரில் ஏற்றித் தருவீர்களா, ஃபைலாகத் தருவீர்களா' என்று இரண்டே கேள்வி கேளுங்கள். டி.வி.டி.யில் போட்டுத் தருகிறோம் என்றால் அது மட்டும் வேண்டாம், சுருக்காத ஃபைலும் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு மணி நேர கேசட் ஏறத்தாழ 13 ஜி.பி. வரும், எட்டு கேசட்டுக்கு 104 ஜி.பி. எட்டையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். மகள் பிறந்த நாள் மாதிரி ஒரு சாதாரண கேசட்டை முதலில் கொடுத்து, ஒழுங்காக வருகிறதா என்று பார்த்த பிறகு கூத்து கேசட்டைக் கொடுங்கள், முடிந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால், 'ஓட்டிப் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னாலும் விடாதீர்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவர் கைக்குப் போகட்டும். ஏற்றி முடித்த பிறகும் கேசட்டைத் திரும்ப வாங்கி வையுங்கள். இதற்கு நாலாயிரம் ரூபாய் ஒதுக்கிவிடுங்கள், கடைக்குக் கடை கூலி மாறும், பேசிக்கொள்ளுங்கள்.

படத்தைவிடச் சத்தம் முக்கியம்

உங்கள் கடிதத்தில் மெகாபிக்சல் நான்கு இடத்தில் வருகிறது, மைக் என்ற வார்த்தை ஓர் இடத்தில்கூட இல்லை. இது உங்கள் குறை இல்லை, விளம்பரமே அப்படித்தான் பேசுகிறது. ஆனால் நீங்கள் எடுக்கப் போவது ஒரு பாட்டுக்காரரை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். பாட்டு புரியவில்லை என்றால் இரண்டு நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார்கள்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தது ஒரு பெரிய நஷ்டம். பதினைந்து வருடத்துக்கு முன்னால் காவேரிப்பட்டணத்தில் எங்கள் பெரியப்பாவை உட்கார வைத்து, எங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது, கிணறு வெட்டிய கதை, பஞ்சத்துக் கதை என்று ஒன்றரை மணி நேரம் எடுத்தேன். நல்ல கேமரா, நல்ல வெளிச்சம். காலர் மைக்கின் பேட்டரி தீர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை, காதில் ஹெட்போனும் மாட்டவில்லை. வீட்டுக்கு வந்து போட்டால் அவர் உதடு அசைகிறது, கை ஆட்டிச் சிரிக்கிறார், சத்தம் இல்லை. அடுத்த மாசம் மறுபடி வந்து எடுக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். அந்த வீடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை.

அதனால் கேமராவுக்கு முன்னால் மைக் வாங்குங்கள். போயா எம்1 மாதிரி கம்பி உள்ள காலர் மைக் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும், 6 மீட்டர் கம்பி, திண்ணைக்கு தாராளம். அதில் போன், கேமரா என்று ஒரு சுவிட்ச் இருக்கும், எதில் மாட்டுகிறீர்களோ அந்தப் பக்கம் இருக்க வேண்டும். உங்கள் போனில் ஹெட்போன் ஓட்டை இல்லையென்றால் சார்ஜர் ஓட்டையில் மாட்டும் சின்ன இணைப்பு ஒன்றும் தேவைப்படும், கடையிலேயே போனில் மாட்டிப் பேசி, பதிவாகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சாதாரணமாகப் பேசுகிறவருக்கு மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுவோம். உங்கள் மாமனார் மைக் இல்லாத காலத்தில் ஊர்க் கோடி வரைக்கும் கேட்கப் பாடிப் பழகியவர், வசனத்தில் இருந்து பாட்டுக்கு ஏறும்போது அந்தத் தூரத்தில் குரல் வெடித்துவிடும், அப்படி வெடித்ததை அப்புறம் சரி செய்யவே முடியாது. பாடுகிறார் என்றால் மைக்கை இன்னும் தள்ளி, முன்னால் ஒரு ஸ்டூலில், இரண்டடி மூன்றடி தூரத்தில் வைத்துப் பாருங்கள். மத்தளக்காரர் யாராவது கூட உட்கார்ந்தால் இன்னொரு சிக்கல் வரும். போனும் மலிவு கேமராவும் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும், மத்தளம் விழும் ஒவ்வொரு அடிக்கும் பாட்டு அமுங்கிப்போகும். அப்போது மத்தளத்தைத் தள்ளி உட்கார வைத்து, வீட்டில் இருக்கும் இன்னொரு போனில் குரல் பதிவை மட்டும் ஓடவிட்டு மாமனார் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இரண்டும் ஓட ஆரம்பித்ததும் கேமரா முன்னால் ஒரு முறை ஓங்கிக் கை தட்டுங்கள். பிறகு யாராவது இரண்டையும் சேர்க்கும்போது அந்தத் தட்டலை வைத்துப் பொருத்திவிடுவார்கள்.

அந்த 6,999 ரூபாய் கேமரா

வேண்டாம், சகோதரி. இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

ஃபுல் எச்.டி. வீடியோ என்பது 1920-க்கு 1080 புள்ளிகள், ஏறத்தாழ 2 மெகாபிக்சல். 4கே என்பது 3840-க்கு 2160, அதுவும் 8 மெகாபிக்சல் சொச்சம்தான். வீடியோவுக்கு 48 எதற்கு? அது புகைப்படத்துக்குச் சொல்லும் எண், அதையும் இந்தக் கேமராக்கள் சின்னப் படத்தை ஊதிப் பெரிதாக்கித்தான் கொண்டுவருகின்றன. '16 மடங்கு ஜூம்' என்பதற்கு முன்னால் டிஜிட்டல் என்று பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். லென்ஸ் நகர்ந்து தூரத்தைக் கிட்டே கொண்டுவருவது ஆப்டிகல் ஜூம். டிஜிட்டல் ஜூம் என்றால் படத்தை வெட்டி இழுப்பது. 16 மடங்கு என்றால் படத்தில் 256-ல் ஒரு பங்கை வெட்டி முழுத் திரைக்கு இழுக்கிறது என்று அர்த்தம். நைட் விஷன் என்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு, சில அடி தூரத்துக்குக் கறுப்பு வெள்ளையாக ஏதோ தெரியும், அரிதாரத்தின் சிவப்பும் பச்சையும் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். பார்க்க ஹேண்டிகேம் மாதிரியே திரை திறக்கும், கைப்பட்டை இருக்கும். உள்ளே இருப்பது உங்கள் போனைவிட மட்டமான கேமரா.

ஏற்கனவே ஆர்டர் போட்டுவிட்டீர்கள் என்றால், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, சரியில்லையென்றால் உடனே திருப்பி அனுப்புங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதிலும் தீரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் செய்யலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் மட்டும் கையில் இருக்கட்டும்.

பெங்களூர் செகண்ட் ஹேண்ட்: வாங்கலாம், ஆனால் இப்போது அல்ல

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நல்ல கம்பெனி ஹேண்டிகேம் புதிதாகக் கடையில் கிடைப்பதே அரிதாகிவிட்டது, கிடைப்பவையும் உங்கள் பட்ஜெட்டைப் பல மடங்கு தாண்டியவை. பழையதில்தான் உங்கள் விலைக்கு வரும். ஆனால் எந்த வேலைக்கு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்துகிறேன். ஹேண்டிகேம் என்றால் ராத்திரியில் போனைவிட நன்றாக எடுக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். விலை குறைந்த ஹேண்டிகேமில் அது நேர்மாறு. 2015-ல் வந்து நிறையப் பேர் வாங்கிய சோனி சி.எக்ஸ்.405-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 30 மடங்கு ஆப்டிகல் ஜூம், பகலில் அருமையான படம். ஆனால் வெளிச்சத்தை வாங்கும் அதன் சென்சார் 1/5.8 அங்குல வகை, இன்றைக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் போனில் இருப்பதைவிடச் சின்னது. அது மட்டுமா, ஜூமைக் கடைசி வரை இழுத்தால் லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கூத்து மேடை வெளிச்சத்தில் அப்படி எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக எறும்பு ஊரும். அதில் மைக் குத்தவும் ஓட்டை இல்லை.

ஹேண்டிகேம் ஜெயிக்கும் இடம் மகளின் ஆண்டு விழா. கடைசி வரிசையிலிருந்து மேடை நூறு அடி என்றால், பெண்ணின் முழு உருவம் திரையில் நிறைய 10 மடங்கு ஆப்டிகல் ஜூம் போதும், 30 மடங்கில் இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும். அதனால் 50 மடங்கு, 60 மடங்கு என்று எண்ணைத் துரத்த வேண்டாம். சாதாரணப் போனில் அந்தத் தூரத்தை எட்ட முடியாது. அப்புறம், ஹேண்டிகேம் ஒரு மணி நேரம் விடாமல் ஓடும், சூடேறி நிற்காது, நடுவில் போன் அழைப்பு வராது. புகைப்பட கேமராவில் வீடியோ எடுக்கலாமே என்றும் சிலர் சொல்வார்கள், பழைய மாடல்களில் பல 29 நிமிஷம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். ஐரோப்பாவில் அரை மணிக்கு மேல் பதிவு செய்தால் வீடியோ கேமரா என்று கணக்கிட்டுக் கூடுதல் சுங்கவரி போட்டதால் கம்பெனிகள் அப்படிக் கட்டிவைத்தன. கூத்தில் ஒரு வேஷக்காரர் திரையை விட்டு வெளியே வந்து, தன்னைச் சொல்லிப் பாடி முடிக்கவே அரை மணி போய்விடும், உங்களுக்குத் தெரியாததா.

வாங்குவதானால் மைக் ஓட்டை உள்ள மாடலாகப் பாருங்கள். கேனான் எச்.எஃப். ஆர்.806 அப்படி ஒன்று, 32 மடங்கு ஆப்டிகல் ஜூம், ஃபுல் எச்.டி. பேனாசோனிக் வி785-ம் நல்லது, ஜூம் 20 மடங்குதான், ஆனால் சென்சார் பெரியது. குட்டி டி.வி.டி. போடும் ஹேண்டிகேம், உள்ளே ஹார்ட் டிஸ்க் உள்ள ஹேண்டிகேம் இரண்டையும் சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள், மெமரி கார்டு போடுவது மட்டும்தான்.

கடையில் கையில் வாங்கியதும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஜூமைக் கடைசி வரை இழுத்து, எதிரில் தெருக்கோடியில் இருக்கும் பெயர்ப் பலகையைப் பதிவு செய்யுங்கள், எழுத்து தெளிவதற்குள் முன்னும் பின்னும் அலைந்தால் வேண்டாம். லென்ஸுக்குள் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. திரையைத் திறந்து மூடித் திருப்புங்கள், நடுவில் அணைந்து எரிந்தால் உள்ளே இருக்கும் பட்டைக் கம்பி அறுந்துகொண்டிருக்கிறது. பேட்டரியைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதை நம்பாமல் அரை மணி ஓடவிடுங்கள், டீ குடித்துவிட்டு வரலாம். எடுத்ததைப் போட்டு, ஹெட்போனில் சத்தமும் கேளுங்கள். சீரியல் எண் எழுதிய பில் வேண்டும். யாருடைய வீட்டிலிருந்து வந்த கேமரா என்று தெரியாமல் வாங்கிப் பிறகு போலீஸ் வாசலில் நிற்கக் கூடாது.

அமெரிக்கத் தம்பியிடம் கேமரா வேண்டாம் என்று சொல்லுங்கள்

பாசமாகச் சொல்கிறார், மனசு நோகாமல் மறுத்துவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் பல எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 தடவை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், அங்கே விற்கும் ஹேண்டிகேம்கள் அதற்குத் தோதாக நொடிக்கு 30 அல்லது 60 படம் எடுப்பவை. அதை இங்கே கொண்டுவந்து மண்டபத்திலோ பள்ளி மேடையிலோ எடுத்தால் படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கையால் 1/50 அல்லது 1/100 நொடியில் வைக்க முடிந்தால் சமாளிக்கலாம், விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அந்த வசதியே இருக்காது. அங்கே வாங்கியதற்கு வாரண்டி வேலையும் இங்கே கஷ்டம். தம்பிக்கு வேறு ஒரு வேலை வைத்திருக்கிறேன், கீழே வருகிறது.

அக்கா மகன் சொல்வது பாதி சரி

இப்போதைக்கு உங்கள் போனிலேயே தொடங்குங்கள் என்பதுதான் என் முடிவு. காசை மிச்சம் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 78 வயது, மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டிசம்பர் வரைக்கும் தம்பிக்காகக் காத்திருப்பது, பெங்களூருக்கு ஒரு நாள் ஒழிந்து போவது என்று தள்ளிப்போட வேண்டிய வேலை இது இல்லை. என் பெரியப்பா விஷயத்தில் நான் செய்த தப்பு மைக் மட்டும் இல்லை, அடுத்த மாசம் என்று நினைத்ததும்தான்.

போனை வெறும் கையில் பிடித்து எடுத்தால் அக்கா மகன் சொல்வது தப்பாகிவிடும். ஆடாத ஸ்டாண்ட் ஒன்று வாங்குங்கள், 1,500 முதல் 2,000 ரூபாய்க்குள் கனமானது கிடைக்கும், பின்னால் ஹேண்டிகேமுக்கும் அதுவே உதவும். உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்கு வையுங்கள். போனைப் படுக்கைவசமாக மாட்டி, லென்ஸைத் துணியால் துடைத்து, விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், பாட்டு நடுவில் யாரும் கூப்பிடக் கூடாது. 4கே வேண்டாம், ஃபுல் எச்.டி. போதும், ஒரு மணி நேரத்துக்கு 8 ஜி.பி. அளவில் பிடிக்கும், இடம் இருக்கிறதா என்று முன்னாலேயே பாருங்கள். திரையில் ஜூம் செய்யாதீர்கள், கிட்டே வேண்டுமானால் ஸ்டாண்டை நகர்த்துங்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல், மாமனார் முகம் தெருப் பக்கம் இருக்கட்டும், கேமரா தெருப் பக்கம் இருந்து அவரைப் பார்க்கட்டும். வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்த்து எடுத்தால் முகம் கறுப்பாகிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் போன் சூடேறி நின்றுவிடும், நிழலில் வையுங்கள்.

இப்படி இரண்டு மூன்று மாதம் எடுத்த பிறகு, ஆண்டு விழாவுக்கு முன்னால், மிச்சம் இருக்கும் பணத்தில் பெங்களூர் போய் அந்த கேனான் மாதிரி ஒன்றைப் பாருங்கள். அதற்குள் எது குறைகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எடுத்ததை எங்கே வைப்பது

'வாட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்பிவிட்டால் பத்திரம்தானே' என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், திரும்ப வருவது சக்கைதான். மெமரி கார்டிலேயே விட்டுவைப்பதும் ஆபத்து, வருடக்கணக்கில் சும்மா கிடக்கும் கார்டில் பதிவு போய்விடலாம், நம் ஊர்ச் சந்தையில் 128 ஜி.பி. என்று எழுதி அதில் கால்வாசிகூட இல்லாத போலிக் கார்டும் உண்டு. ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, கேசட்டிலிருந்து ஏற்றியதையும் போனில் எடுத்ததையும் தேதியோடு பெயர் போட்டு வையுங்கள். இன்னொரு பிரதி பெரிய பென்டிரைவிலோ வேறு டிஸ்கிலோ உங்கள் அம்மா வீட்டில் இருக்கட்டும். மூன்றாவது பிரதிதான் தம்பியின் வேலை. டிசம்பரில் வரும்போது காலி டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டு போகட்டும்.

ஜமாக்காரர்களைக் கேட்க வேண்டுமா?

ஆடுபவர், பாடுபவர், வாத்தியம் வாசிப்பவர் எல்லாருக்கும் தாங்கள் நிகழ்த்தியதன் மேல் உரிமை உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 38-வது பிரிவு அது, 50 வருடம் செல்லும். அதே சட்டத்தின் 39-வது பிரிவு, எடுப்பவர் தன் சொந்த உபயோகத்துக்கு மட்டும் எடுத்து வைப்பது மீறல் ஆகாது என்கிறது. எனவே வீட்டில் வைத்துப் பார்க்க நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. யூடியூபில் போடுவது, கோயில் கமிட்டிக்குக் கொடுப்பது, விற்பது என்றால் கதை வேறு. 2006 கேசட்டில் ஆடிய மற்றவர்களையும், அவர்கள் காலமாகியிருந்தால் பிள்ளைகளையும் பார்த்துக் கேட்டு, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தால் சண்டைக்கு வர மாட்டார்கள், அந்தக் குடும்பங்களிலும் அப்பாவின் குரலைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் எல்லாருக்கும் முன்னால் மாமனாரைக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. வேஷம் இல்லாமல், மூச்சு இரைக்கும்போது தன்னை எடுப்பதில் அவருக்குச் சம்மதமா, எந்தப் பாட்டை எடுக்கலாம், எதைத் திண்ணையில் உட்கார்ந்து பாடக்கூடாது என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கும். அதைக் கேட்டுவிட்டு ஸ்டாண்டைப் பிரியுங்கள்.

முதல் நாள் பாட்டே வேண்டாம். யாரிடம் கற்றுக்கொண்டார், முதல் வேஷம் எந்த ஊரில் கட்டினார், அன்றைக்கு முகவீணை யார் வாசித்தார், கூலி எவ்வளவு என்று பேரப்பிள்ளைகளை விட்டுக் கேட்க வையுங்கள். அவர்கள் வழக்கம்போல் முன்னால் உட்கார்ந்திருந்தால் அவர் கேமராவை மறந்துவிடுவார். ஐந்து நிமிஷம் எடுத்ததும் நிறுத்தி, ஹெட்போனில் போட்டுக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். கேசட்டைக் கடையில் போட்டுப் பார்த்ததும் அந்த இரண்டு ராத்திரியில் எவ்வளவு மீண்டது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், ஏதாவது கேசட் சிக்கிக்கொண்டால் இழுத்துவிடாமல் அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டு முதலில் எனக்கு எழுதுங்கள்.